மாரிவெல்லும் புகழத் தெரியாத ஊரும்

எங்கள் வைமோரியில் ஒருவரைப் பிடித்துவிட்டால் "பரவாயில்ல" என்போம். மிகவும் பிடித்துவிட்டால் "குறை ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்போம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆட்கள் நாங்கள். என் கல்யாணத்தன்று மணக்கோலத்தில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னது, "மோசமில்ல ரேலீன்." அதை நான் இன்றைக்கும் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் அந்த அளவுக்குக்கூடப் போனதில்லை.

நியூசிலாந்தின் தென்கோடியில், காற்றும் ஆடும் மாடும் மட்டுமே தாராளமாகக் கிடைக்கிற இந்த ஊருக்குத்தான் பிலிப்பைன்ஸிலிருந்து மாரிவெல் டுமான்காஸ் வந்து சேர்ந்தாள். அவள் கணவன் ரொடேலியோவுக்கு மரே என்பவரின் பண்ணையில் பால் கறக்கும் வேலை. அவளுக்கு நான் சமைக்கிற முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. கூட ஐந்து வயசுப் பெண் கிரிசெல். வந்த அன்று தெற்குக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. மாரிவெல் துணிச் செருப்போடு இல்லத்தின் பின்வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டாள். இந்தப் பெண் ஒரு குளிர்காலம் தாங்கமாட்டாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவள் ஏழு குளிர்காலம் தாங்கினாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தது அவளைத்தான். இல்லத்தில் யாராவது இறந்துபோனால், பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் அவளே உடம்பைத் துடைத்து, தலை சீவி, அவர்களுக்குப் பிடித்த கம்பளிச் சட்டையைப் போட்டுவிடுவாள். அந்த முகத்தைப் பார்க்கிற மகனும் மகளும், அம்மா தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு மெதுவாக நடப்பார்கள். போகும்போது அவளிடம், "ம், சரி" என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் அது சாஷ்டாங்க நமஸ்காரத்துக்குச் சமம்.

யூவன் டால்கிளிஷ் கதை இன்னும் விசேஷம். வாழ்நாள் முழுக்க ஆடு வளர்த்தவர். கை நடுக்க நோய் வந்து இல்லத்தில் சேர்ந்த பிறகும், ஒரு பெண் தனக்கு முகச்சவரம் செய்வதா என்று மூன்று பராமரிப்புப் பெண்களைக் கோப்பையை வீசி விரட்டியவர். மாரிவெல் அவர் அறைக்குள் போனாள். "சரி சார், நீங்களே பண்ணிக்குங்க. நான் கண்ணாடி மட்டும் பிடிக்கறேன்" என்றாள். பிடித்தாள். அவர் தாடையிலும் காதோரத்திலும் வெட்டிக்கொண்டார். அவள் ரத்தத்தை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் கண்ணாடியைப் பிடித்தாள். நாலாவது நாள் அவர் சவரக்கத்தியை அவளிடம் நீட்டினார். அன்றிலிருந்து வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

கிரிசெல் பள்ளிப் பேருந்திலிருந்து நேராக இல்லத்துக்கு வந்துவிடுவாள். யூவனோடு சீட்டாடுவாள். இருவரும் ஏமாற்றுவார்கள், இருவரும் மற்றவரைத் திட்டுவார்கள். ஒன்பது வயதில் அவளுக்கு மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. காலையில் படுக்கையிலிருந்து எழவே முடியாது. குழந்தைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். பக்கத்து நகரமான இன்வர்கார்கில் ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி எழுதிக் கொடுத்தார்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்று. விலை அதிகம், அரசாங்கம் கொடுத்தது. ஊசி போட்ட சில மாதத்திலேயே அந்தப் பெண் வேலி தாண்டி ஓடினாள். பிறகு அதைத் தானே போட்டுக்கொள்ளவும் கற்றுக்கொண்டாள்.

இங்கேயே நிரந்தரமாகத் தங்க அவர்கள் விண்ணப்பம் போட்டபோதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. குடும்பத்தில் எல்லாருக்கும் உடல் பரிசோதனை. மாரிவெல்லும் ரொடேலியோவும் குதிரை மாதிரி இருந்தார்கள். கிரிசெல்லின் ஊசிக்கு வரும் வருஷங்களில் ஆகிற செலவைக் கூட்டிப் பார்த்து, பொது மருத்துவத்துக்கு இது அளவுக்கு மீறிய சுமை என்று எழுதிவிட்டார்கள். ஒருவர் தேறாவிட்டால் குடும்பத்துக்கே கதவு சாத்தப்படும். வேலை விசா முடிந்ததும் கிளம்பவேண்டியதுதான். அவர்கள் ஊரில் அந்த ஊசியைக் காசு கொடுத்து வாங்க ரொடேலியோவின் அங்கத்திய சம்பளம் முழுவதும் போனாலும் போதாது. ஊர் திரும்பினால் அந்தப் பெண்ணின் கால் மறுபடியும் மடங்கிவிடும். விஷயம் இவ்வளவுதான்.

இன்வர்கார்கில் வக்கீலம்மா ஃபிலிப்பா ஒரு சின்ன வாசல் இருக்கிறது என்றாள். இந்தக் குடும்பத்தால் இந்த ஊருக்குப் பெரிய நன்மை உண்டு என்று காட்டினால், உடல்நல விதியைத் தளர்த்த அதிகாரிக்கு இடம் இருக்கிறதாம். "ஊர்க்காரங்கள எழுதச் சொல்லுங்க. மனசுல இருக்கறத எழுதினா போதும்" என்றாள். அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஆட்களிடம் மனசில் இருப்பதைக் கேட்கலாமா?

ஊரே எழுதியது. தபால்காரம்மா எழுதினாள், பாதிரியார் எழுதினார், சாகும்வரை மாரிவெல் கைத்தாங்கலில் இருந்த பெரியவர்களின் பிள்ளைகளெல்லாம் எழுதினார்கள். எல்லாருக்கும் பெருமிதம், இவ்வளவு தூரம் ஒருத்தருக்காகவும் நாம் போனதில்லையே என்று. பண்ணைக்காரர் மரே எழுதியது: "ரொடேலியோ நேரத்துக்கு வருகிறார். அவர் மனைவியைப் பற்றியும் புகார் எதுவும் கேள்விப்பட்டதில்லை." யூவன் நடுங்கும் கையால் தானே எழுதினார்: "இவள் பரவாயில்லை." கீழே கையெழுத்து. அவர் தன் சொந்த மகனைப் பற்றிக்கூட அப்படிச் சொன்னதில்லை.

பதில் வந்தது. வடக்கே எங்கோ உட்கார்ந்திருந்த அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்திருக்கிறார். விண்ணப்பதாரரின் வேலை திருப்திகரமானது என்றே ஊரார் சொல்கிறார்கள். விதியைத் தளர்த்துகிற அளவுக்குச் சிறப்பான பங்களிப்பு எதுவும் அவர்கள் கடிதங்களில் தெரியவில்லை என்று முடித்திருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் பிசைந்த மாவு கல்லாகிவிட்டது. ஆனால் அந்த மனிதரைத் திட்டி என்ன பயன்? அவருக்குக் கொடுத்ததைத்தானே அவர் படித்தார். மேல்முறையீடு ஒன்று பாக்கி இருந்தது, அதோடு சரி.

மாரிவெல் சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அழவாவது அழேன்டி. எனக்குப் பயமா இருக்கு உன்னைப் பாத்தா" என்றேன்.

"எதுக்கு அக்கா அழணும்? அவங்க எழுதினது உண்மைதானே."

"எது உண்மை?"

"நான் சுமாராத்தான் செய்யறேன்னு. ஏழு வருஷமா எல்லாரும் அதத்தானே சொல்றாங்க. யார் முகத்துலயும் திருப்தியே இல்ல. நானும் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் நல்லா செய்யணும்னுதான் பாக்கறேன். எனக்கு வந்தது அவ்வளவுதான் போல."

கையில் இருந்த கரண்டியை நான் கீழே வைத்தேன். ஏழு வருஷம் இந்தப் பெண் எங்கள் மத்தியில் நடந்திருக்கிறாள், தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே. பிடிக்காதவர்களின் தாயையும் தகப்பனையும் குளிப்பாட்டி, ஊட்டி, கண்ணை மூடிவிட்டிருக்கிறாள். "அடிப்பாவி, உன்ன மாதிரி ஒருத்தி இந்த ஊருக்கு வந்ததே இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். நானும் வைமோரிக்காரிதானே, வார்த்தை வரவில்லை. "போய் ஒரு டீ குடி" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தட்டுகளை அடுக்கினாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் யூவன் அறையில் அழைப்பு மணி விடாமல் அடித்தது. நானும் மாரிவெல்லும் ஓடினோம். அவர் சாய்நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் கிரிசெல். சீட்டுக்கட்டு தரையில் சிதறிக் கிடந்தது.

"மூணு தடவ கீழ போட்டுட்டா" என்றார் யூவன். "நடுக்கம் எனக்கா இவளுக்கா? கைய காட்டச் சொல்லு."

"ஒண்ணுமில்ல தாத்தா. குளிர்ல வெரச்சுப் போச்சு" என்றாள் அவள். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

மாரிவெல் அந்தக் கைகளை வெளியே எடுத்தாள். விரல் மூட்டெல்லாம் வீங்கிச் சிவந்திருந்தன. கால்சட்டையை மேலே தூக்கினாள்; முழங்கால் ஒரு டர்னிப் கிழங்கு அளவுக்கு இருந்தது. அம்மாவும் பெண்ணும் அவர்கள் பாஷையில் வேகமாக ஏதோ பேசினார்கள். பிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள், எங்கள் பாஷையில், சின்னக் குரலில்:

"நான் ஊசி போட்டுக்கல ஆன்ட்டி. ஃப்ரிட்ஜுல காய்கறிக்கூடைக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன். போட்டுக்கலன்னா செலவு இல்லல்ல? செலவு இல்லன்னா அவங்க எங்கள இங்கயே இருக்க விட்ருவாங்கல்ல? வலியெல்லாம் பெரிசா இல்ல. சமாளிச்சுக்கலாம்."

பன்னிரண்டு வயசு. நாட்டுக்குத் தான் ஒரு செலவு என்று எப்போது கேட்டாளோ தெரியவில்லை, கேட்டதைச் சரிசெய்யத் தன்னாலானதைச் செய்திருக்கிறாள். அதிலும், "பெரிசா இல்ல" என்று சொன்ன தோரணை இருக்கிறதே, அது அவள் அம்மாவிடமிருந்து வந்ததல்ல. கால் ஒடிந்தாலும் "கொஞ்சம் சுளுக்கு" என்கிற எங்கள் ஆட்களின் தோரணை. ஐந்து வயசிலிருந்து எங்களோடு வளர்ந்த பிள்ளை, வேறென்ன கற்றுக்கொள்ளும்?

மாரிவெல் தரையில் சீட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததை நான் பார்த்தது அன்றுதான். "உன் வலிய விலையா வெச்சு எனக்கு எந்த ஊரும் வேண்டாம். நாம கெளம்பிடலாம். இருக்கற ஊசிய இன்னிக்கே போட்டுக்க" என்றாள். பிறகு என்னிடம், "மேல்முறையீடு வேண்டாம்னு வக்கீலம்மாகிட்ட சொல்லிடுங்க அக்கா. ஊர்ல ஏதாவது வழி பாக்கறோம்" என்றாள். வழி ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

யூவன் தன் கையில் மிச்சமிருந்த சீட்டுகளை மடியில் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காலை நான் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனபோது, மாரிவெல் அவர் முகத்தில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தாள். "ரேலீன், கஞ்சிய வெச்சுட்டு ஒரு பேனா எடுத்துட்டு வா" என்றார். எடுத்துவந்தேன். "அந்தக் கடுதாசிய மறுபடி எழுதணும். என் கை சரியில்ல. நான் சொல்றேன், நீ எழுது."

"அப்ப நான் வெளில இருக்கேன் சார்" என்றாள் மாரிவெல்.

"நீ உன் வேலையப் பாரு. கழுத்துல கத்தி இருந்தாத்தான் எனக்கு உண்மை வரும்."

அவள் சவரத்தை ஆரம்பித்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எழுது. என் பேரு யூவன் டால்கிளிஷ். வயசு எண்பத்தொம்பது. பொறந்தது இங்க. எந்த டாக்டரும் என்னச் சோதிச்சுப் பாத்து இந்த நாட்டுக்குள்ள விடல. ரெண்டு இடுப்பும் மாத்தியாச்சு. கண்ணுல அறுவை. இந்த நடுக்கத்துக்கு நாள் முழுக்க மாத்திரை. எல்லாம் பொதுப் பணம். நீ இதுக்குத் தகுந்தவனான்னு இன்னிவரைக்கும் ஒருத்தன் கேக்கல. இன்னிக்கு நான் கப்பல்ல வந்து எறங்கினா, துறைமுகத்துலயே திருப்பி அனுப்பிடுவாங்க. அனுப்புறதும் நியாயம்தான்."

"சார், உதட்ட மூடுங்க. மேல வரேன்" என்றாள் மாரிவெல். மூடினார். அவள் மேலுதட்டை முடித்ததும் தொடர்ந்தார்.

"என் பொண்டாட்டி இஸபெல் இந்த வீட்லதான் செத்தா, ரெண்டு ரூம் தள்ளி. கடேசி நாள்ல குளுருது குளுருதுன்னா. எத்தன போர்வ போட்டும் அடங்கல. நான் நாற்காலில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. இந்தப் பொண்ணு செருப்பக் கழட்டிட்டு, கட்டில்ல ஏறி, அவள இறுக்கிக் கட்டிக்கிட்டுப் படுத்தா. அதுக்கப்புறம்தான் இஸபெல் அடங்கினா. அவ மூச்சு நிக்கற வரைக்கும் இவ எழுந்திருக்கல. அது என் வேல. அம்பது வருஷம் கூட இருந்தவன் நான். வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அறையில் கத்தி உரசுகிற சத்தம் மட்டும்தான். நான் எழுதிக்கொண்டே போனேன். மை சில இடத்தில் கரைந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

"இன்னும் இருக்கு, எழுது. இவ பொண்ணு எனக்கு வேண்டியவ. அவ ஊசிக்கு ஆகற செலவு அதிகம்னா, முதல்ல என் மாத்திரைய நிறுத்திட்டு அப்புறம் பேசுங்க. இவ அம்மா மாதிரி ஒரு மனுஷிய என் ஆயுசுல நான் பாத்ததில்ல. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அடிக்கோடு போடு."

மாரிவெல்லின் கை அவர் கன்னத்தின் மேல் அப்படியே நின்றது.

"அசையாதீங்க சார்" என்றாள்.

"நான் அசையல. நீதான் நடுங்கற."

அவள் கத்தியை வைத்துவிட்டு, துண்டால் அவர் முகத்தை மூடித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். அந்தத் துண்டுக்குள் இருந்து அவரும் சீக்கிரம் வெளியே வர ஆசைப்படவில்லை. அவர்களுக்கு அது வசதியாக இருந்தது. மேல்முறையீடு வேண்டாம் என்ற பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்தக் கடிதத்தோடு நான் ஊரைச் சுற்றினேன். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் உரக்கப் படித்தேன். யூவன் டால்கிளிஷே இப்படிச் சொல்லிவிட்டார் என்றதும் பலருக்குத் தரையைப் பார்க்கவேண்டியிருந்தது. ஆனாலும் கல்லில் நார் உரிக்கிற வேலைதான். மரே பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார்.

"இவ்வளவெல்லாம் எழுதணுமா ரேலீன்? பாக்கறவன் சிரிக்க மாட்டானா?"

"போன மாசம் உன் கெடேரிய வித்தியே, விளம்பரத்துல என்னென்ன எழுதின?"

"அது மாடு. விக்கணும்ல."

"அந்த மாட்டுக்குக் குடுத்த மரியாதைய இந்தக் குடும்பத்துக்குக் குடு. போதும்."

அவர் யோசித்தார். பிறகு மூன்று பக்கம் எழுதினார். மாடு கன்று போட முடியாமல் தவித்த ராத்திரி ரொடேலியோ சேற்றில் படுத்துக் கிடந்ததையும், தன் அம்மாவுக்கு மாரிவெல் செய்ததையும் எழுதினார். படிப்பதற்கு நல்ல ஜாதிக் கால்நடை விளம்பரம் போலவே இருந்தது. பாதிரியார் இந்த முறை அழுதுகொண்டே எழுதினார், அழவில்லை என்றார். என் வீட்டுக்காரர்கூட எழுதினார். அதில் என் சமையலைப் பற்றியும் ஒரு நல்ல வரி இருந்தது. கேட்டால் கை தவறி வந்துவிட்டது என்கிறார்.

ஃபிலிப்பா எல்லாவற்றையும் அனுப்பினாள். முதல் தடவை எழுதியவை எங்கள் ஊர் வழக்கத்தில் எவ்வளவு பெரிய பாராட்டு என்றும் விளக்கி ஒரு பக்கம் சேர்த்தாள். பிறகு காத்திருந்தோம். குளிர்காலம் போய், ஆட்டுக்குட்டிகள் பிறந்து, அவற்றுக்கு வால் நறுக்குகிற காலமும் வந்துவிட்டது. மாரிவெல் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருக்கவில்லை. பெட்டிகளைப் பாதி கட்டி வைத்திருந்தாள் என்று ரொடேலியோ பிறகு சொன்னான். கிரிசெல் ஊசியை அம்மா கண் முன்னால் போட்டுக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும், "நல்லா இருக்கேன்" என்றாள். டாக்டர் கேட்டபோதும் அதையேதான் சொன்னாளாம்.

தீர்ப்பு வந்த அன்று நான் சீஸ் ரோல் சுட்டுக்கொண்டிருந்தேன். மாரிவெல் போனைக் காதில் வைத்தபடி சமையலறைக்குள் வந்தாள். மறுமுனையில் ஃபிலிப்பா. மாரிவெல் "சரி மேடம், சரி மேடம்" என்று மட்டும் சொன்னாள். போனை மேஜைமேல் வைத்துவிட்டு, "இருக்கலாமாம் அக்கா. மூணு பேரும். எப்பவும்" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். "நீ இல்லாம நாங்க என்னடி பண்ணியிருப்போம். உன்ன எனக்கு அவ்வளவு பிடிக்கும்" என்றேன். எங்கிருந்து வந்ததோ, வந்துவிட்டது. அவள், "தெரியும் அக்கா. இப்பத் தெரியும்" என்றாள்.

அப்போது கிரிசெல் பள்ளிப்பையோடு உள்ளே வந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாரிவெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்தாள். பன்னிரண்டு வயசுப் பெண்ணை, சின்னக் குழந்தையை வைப்பதுபோல. விஷயத்தைச் சொன்னாள். பிறகு அவள் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்து, காலணிகளைக் கழற்றினாள்.

"இனிமே யாரும் கணக்குப் பாக்க மாட்டாங்க" என்றாள். "இப்ப சொல்லு. எங்கெல்லாம் வலிக்குது?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும், முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கணுக்கால். பிறகு மணிக்கட்டு, விரல்கள் ஒவ்வொன்றாக, தாடை எலும்பு. காலையில் பல் தேய்க்க வாயைத் திறக்கும்போது, மாடிப்படி இறங்கும்போது, பேனா பிடிக்கும்போது. சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் நிறுத்தவில்லை. மாரிவெல் ஒவ்வோர் இடத்திலும் கையை வைத்து, "ம், அப்புறம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுப்பில் ரோல் தீயும் வாசனை வந்தது. நான் போய் அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.